அண்ணன் நெகட்டிவ் ஆன கதை

சேகரண்ணா, உன் ரத்தத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்திருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

நான் பத்தாவதோடு நின்றவள். இரண்டு போகம் நடவுக்குப் போய் இடுப்பு விட்டுப்போய், வேறு வேலைக்கு அனுப்பச் சொல்லி அழுததில், தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு கொடுத்த அன்றே நான் பாதி டாக்டர். (மீதிப் பாதியை யார் கேட்டா?)

ரத்த வகை பார்ப்பது இப்படி: வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, அடுத்ததில் மஞ்சள் மருந்து, மூன்றாவதில் நிறமே இல்லாத மருந்து. கலக்கிப் பார்க்க வேண்டும். ஏ, பி, ஓ எந்த வகை என்பதை முதல் இரண்டு சொட்டும் சொல்லிவிடும். அந்த மூன்றாவது சொட்டு திரிந்த பால் மாதிரி திப்பி கட்டினால் பாசிட்டிவ், கட்டாவிட்டால் நெகட்டிவ்.

பழக ரத்தம் வேண்டுமே. தினமும் என்னைப் பைக்கில் கொண்டுவந்து விடுகிற நீ விரலை நீட்டினாய். எவ்வளவு கலக்கியும் மூன்றாவது சொட்டு வழவழவென்றே இருந்தது. பி நெகட்டிவ்.

பயிற்சியில் பார்த்த முடிவை, எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மேடம் சரிபார்க்காமல் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் வீட்டுக்குத்தான். நான் படியிறங்குவதற்குள் உன் காதில் சொல்லிவிட்டேன்.

"அப்படின்னா என்னடி?"

"லேசுல கெடைக்காத ரத்தம்ணா. நம்ம ஊர்லயே உனக்கு மட்டுந்தான் இருக்கும்."

அதோடு உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பைக் பெட்ரோல் டாங்கில் பெயிண்டரை வைத்து 'பி நெகட்டிவ்' என்று பெரிதாக எழுதினாய். அறுவடை மெஷின் ஓட்டுகிற ஆள், செருப்பில்லாமல் வரப்பில் கால் வைக்க மாட்டேன் என்றாய். "முள்ளு குத்தி ரத்தம் போச்சுன்னா எனக்கு யாரும்மா குடுப்பா?" என்று நீ கேட்டதில் அம்மா பயந்துபோய் ஆட்டு ஈரல் வாங்கி உனக்கு மட்டும் வறுத்தாள். (எனக்கு வாசனை.)

ஒருநாள் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு பி நெகட்டிவ் அவசரமாகத் தேவைப்பட்டது. எங்கெங்கோ போன் போனது. கொஞ்ச நேரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவன் மாதிரி நீ வந்து நின்றாய். டீக்கடையில் உன் பைக்கைப் பார்த்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள். எனக்குப் பயமே வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

ரத்தம் எடுக்கும் முன் மேடம் உன் வகையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, நீங்க பி பாசிட்டிவ். நெகட்டிவ்னு யாரு சொன்னது?"

நீ சுவரைப் பார்த்தாய். "நாகூர்ல ஒரு முகாம்லங்க."

"யாரு நடத்துன முகாம்?"

"நல்ல மழைங்க. பேனரு நனைஞ்சுபோச்சு."

மேடம் உன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மூக்கு.

"இவ உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சிங்க."

"இங்க வா. என் முன்னாடி செஞ்சு காட்டு."

நீலம் விட்டேன். மஞ்சள் விட்டேன். மூன்றாவது பாட்டிலை எடுத்ததும் மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "மேல என்ன எழுதியிருக்கு, படி."

உப்புத்தண்ணீர். ரத்தத்தைக் கழுவ வைத்திருப்பது. அதற்கும் நிறம் கிடையாது. உன் அபூர்வ ரத்தத்தை நான் அன்றைக்கு உப்புத்தண்ணீரில் கலக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் மேடம்.

"மேடம், அவ பழகுனது என் கையிலதானுங்க" என்றாய் நீ. "அது எங்கயும் போயிடல. சரியா வர்ற வரைக்கும் குத்தட்டும்."

"பத்து விரலையுமா?"

"கால்லயும் இருக்குதுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தப்பித்தேன். அந்தப் பெண்ணுக்கு மயிலாடுதுறையிலிருந்து வேறொருவர் வந்து கொடுத்தார். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு போனார்கள். நீ ஒரு வாரம் சோறு பிசைய முடியாமல், அம்மா ஊட்டிவிட்டுச் சாப்பிட்டாய்.

இப்போது அதே ரத்த வங்கியில் எனக்கு வேலை. வீட்டில் நான் ரசம் ஊற்ற வந்தால் அப்பா தட்டைப் பொத்திக்கொண்டு, "மேல எழுதியிருக்கறதைப் படிச்சியா தாயி?" என்பார். போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. யார் யாருக்கோ ரத்தம் எடுத்துக் கொடுக்கிற என்னிடம் நீ ஒரு சொட்டுக்கூடக் கேட்காமல் போய்விட்டாய். உன் கருமாதிப் பந்தியில் நான் ரசம் ஊற்ற வந்தபோதும் அப்பா அதையே கேட்டார். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். உனக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலோ, தர்காவோ, மாதா கோயிலோ, நீங்கள் போகிற இடத்தில் உங்கள் வீட்டு ஆட்களுக்கு வேண்டிக்கொள்ளும்போது, எங்கள் சேகரண்ணனுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.