கஜோ பாட்டனின் பள்ளிப் பதிவேடு

செயின்ட் ஹெலினா தீவு,
ஆகஸ்ட் 9

பிரியமுள்ள ஆல்தியா அக்காவுக்கு, தம்பி லெமுவல் பணிவோடு எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே பிலடெல்பியாவில் உன் சர்க்கரையும் மச்சானின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் குடும்ப விருந்துக்கு வரும்போது, உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைகளாய் இருந்த நம்மவர்கள் விடுதலையாகி வாழத் தொடங்கிய கதையைச் சொல்லும் அந்தப் பூங்காவுக்கு எல்லாரும் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. காரணம் நான்தான். நம் பாட்டனுக்குப் பாட்டன் கஜோ மங்கின் இந்தத் தீவில் பள்ளிக்கூடம் நடத்திய பெரிய வாத்தியார் என்று சர்ச்சில் இருபது வருஷமாக அளந்துகொண்டிருக்கிறேன். யார் சொன்னது? யாருமில்லை. ஒருநாள் வாயில் வந்தது, நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன். போன சனிக்கிழமை சிஸ்டர் ஹேகர் எங்கள் சர்ச் பெண்கள் ஏழு பேரை வேனில் ஏற்றி வந்து, "வாத்தியார் வீட்டுப் பிள்ளை, வந்து பூங்காவைச் சுத்திக் காட்டுங்க" என்று கூப்பிட, இந்த வெயிலில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து நாலே மைல், நான் ஒருநாளும் போனதில்லை என்பது இறங்கின பிறகுதான் உறைத்தது. கம்பீரமா நடந்து எல்லாரையும் நேரா ஆண்கள் கழிப்பறைக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டேன். அதோட விட்டுச்சா? அங்க வேலை பார்க்கிற பொண்ணு என் பேரைக் கேட்டதும், "மங்கினா! உங்க பாட்டன் பேரு பழைய பள்ளிக்கூடப் பதிவேட்டுல இருக்கே"ன்னு பிரதியை எடுத்து வந்து, எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சுது: "கஜோ மங்கின். வயது அறுபத்தொன்று. முதல் வகுப்பு மாணவர். குறிப்பு: வகுப்பில் தூங்குகிறார்."

"பிரசங்கத்துல நீங்க விடுற குறட்டை பரம்பரைச் சொத்துன்னு இப்பத்தான் தெரியுது, பிரதர்" என்றார் சிஸ்டர் ஹேகர். ஏழு பேரும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் வேனுக்குள்ள போய் உட்கார்ந்தவன், வீடு வர்ற வரைக்கும் தலையைத் தூக்கலை. ஆகவே குடும்ப மானம் கருதி, நீங்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்து நண்டு சாப்பிடலாம்.

மச்சானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆண்டவர் நிறைந்த ஆயுளைக் கொடுக்கட்டும்; என் வாயில் பாதியை மட்டும் கொடுத்தால் போதும்.

உன் தம்பி,
லெமுவல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அந்தப் பெண் போன் பண்ணினாள். பதிவேட்டில் அடுத்த வருஷத்துப் பக்கம் கிடைத்ததாம். இன்று காலை தனியாகப் போய்ப் பார்த்தேன். மற்ற பேரெல்லாம் டீச்சர் எழுதினது. ஒரு பேர் மட்டும் கோணல்மாணலா, நம்ம பாட்டன் தானே எழுதினது. பருத்திக் காட்டுல வேலை முடிச்சு வந்து, பொடிசுங்களுக்கு நடுவுல உட்கார்ந்து எழுதியிருக்காரு அக்கா, ஒரு எழுத்து திருப்பிப் போட்டு. தொடலாமான்னு கேட்டேன். "பிரதிதானே, தொடுங்க"ன்னா அந்தப் பொண்ணு. எல்லாரையும் கூட்டிட்டு வா.