யாருக்கும் தொந்தரவு இல்லாத எண்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த அடுத்த பெரிய காரியம் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. அதைச் செய்தவன் நான் என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

நாற்பது மருத்துவமனைகளின் கணினிகளை அமைத்துத் தருவது எங்கள் தொழில். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு விவரக் கோப்பு உண்டு. அதைப் படித்து, அதன்படி கணினிகளை ஒழுங்குபடுத்துவது நான் எழுதிய நிரல். ஏதாவது விவரம் விட்டுப்போனால் நிரல் அங்கேயே நின்றுவிடும். 'மதிப்பு வரையறுக்கப்படவில்லை' என்று சுவரிலிருக்கும் பெரிய திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். யார் கெஞ்சினாலும் விவரம் வரும்வரை ஓர் அடி நகராது. அப்படியொரு பிடிவாதம்.

எங்கள் மேலாளருக்குச் சிவப்பு ஆகாது. அன்று பார்த்துத் தலைமையகத்துப் பெரியவர்கள் திரையைப் பார்வையிட வருவதாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த மருத்துவமனை ஒன்று, ரத்த வங்கியின் குளிர்பெட்டி சூடானால் எந்த எண்ணுக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்பதை எழுதாமல் விட்டிருந்தது. 'அவசரக்' கூட்டம் கூடியது. அவர்களுக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றேன். அப்படியொரு 'நடைமுறை' இல்லை என்று ஒருமனதாக முடிவானது.

"காலியா இருக்கிற இடத்துல தானா விழற மாதிரி ஏதாவது ஒரு டீஃபால்ட் போட்டு விடுப்பா," என்றார் மேலாளர்.

"எந்த நம்பர் சார்?"

"யாருக்கும் தொந்தரவு இல்லாத நம்பர்."

மண்டையைக் குடைந்து பார்த்ததில் அப்படிப்பட்ட எண் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில், கால் உடைந்த நாற்காலிகளோடு பூட்டிக் கிடக்கும் பழைய வரவேற்பறைத் தொலைபேசியின் எண். போட்டேன். சுவர் முழுக்கப் பச்சை. பெரியவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதில் என் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

அதே மருத்துவமனையில்தான் வியாழக்கிழமை என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. அவளுடையது லேசில் கிடைக்காத ரத்த வகை. மாமா மூன்று வாரம் அலையாய் அலைந்து, ஆள் பிடித்து, மூன்று பை சேர்த்து வைத்திருந்தார். அங்கே எல்லாம் எங்கள் ஏற்பாடு, நிம்மதியாக இருங்கள் என்று இருவருக்கும் தைரியம் சொன்னேன்.

புதன்கிழமை, அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா வந்து, காலையிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் போன் ஓயாமல் அடிக்கிறது என்றார். மேலாளர் அதை 'ஒலி மாசு' என்று வகைப்படுத்தி, சாவியைக் கொடுத்து என்னை அனுப்பினார். ஏன் அடிக்கிறது என்று கேட்பது என் பொறுப்புகளில் வராது. மணியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதவை ஒழுங்காகப் பூட்டிவிட்டு வந்தேன். திரையில், 'அனுப்பிய எச்சரிக்கைகள்: இருநூற்றுப் பன்னிரண்டு. தோல்வி: பூஜ்யம்' என்றிருந்தது. மேலாளர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மூன்று பை ரத்தத்தையும் குப்பையில் கொட்டினார்கள். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. மாமா மறுபடி ஆள் தேடக் கிளம்பிவிட்டார். கட்டிலில் படுத்திருந்த அக்காவிடம் டீஃபால்ட் என்ற தத்துவத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நம்பர் இல்லன்னா அது அங்கேயே நின்னிருக்கணும் இல்லடா?"

"நின்னுச்சுக்கா. நாங்கதான் நிக்க விடல."

"நாங்கன்னா யாரு?"

அந்த இடத்தை நான் காலியாக விட்டேன். அக்கா என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவளாகவே அதில் ஒரு பெயரைப் போட்டுக்கொண்டாள். எங்கள் முறைப்படி நிரப்பிய ஒரு காலியிடத்தில் சரியான மதிப்பு விழுந்தது அன்றுதான்.