கயிறா, சாரமா?

வெளியே தெரியாத உடுப்புக்குக் காசு கொடுப்பவனைப் போல விசரன் உலகத்தில் இல்லை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ‘வெளியே தெரியாத’ என்பதில்தான் இப்போது கொஞ்சம் சந்தேகம்.

நான் கற்பிட்டிப் பக்கத்தில், கடலுக்குக் கிட்ட, ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். சண்டைக் காலத்தில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வன்னியிலிருந்து வந்தவன். இங்கே ஓர் இறால் பண்ணையில் காவலாளி வேலை கிடைத்தது. பிறகு மனைவி காலமாகிவிட்டாள். மகள் சுதா சிலாபத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போனாள். பண்ணையையும் மூடிவிட்டார்கள். எல்லாம் வேறு வேறு வருடங்களில் நடந்தவைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரே கிழமையில் நடந்தது போல இருக்கும்.

மகள் காசு அனுப்புவாள். நான் அதைத் தொடுவதில்லை. எனக்கு என்ன செலவு? காலையில் பாண் சுற்றி வந்த பேப்பர்த் துண்டை வாசித்தபடி பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்பேன். (செய்தி பழசாக இருக்கும். அதனால் என்ன, நான் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டேனே.) பின்னேரத்தில் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு தூரத்தில் சுற்றும் காற்றாலைகளைப் பார்ப்பேன். அவ்வளவு பெரிய மின்விசிறிகளை அடுத்தவன் செலவில் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு. இருட்டியதும் ஒரு பல்ப். சாப்பிட்டு முடிந்ததும் அதுவும் இல்லை.

மகளுக்கு இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. சிலாபத்தில் அவளுடைய மாமியாருக்குத் தரையெல்லாம் மாபிள் பதித்த மாடி வீடு. மேல்மாடியில் போய் இருங்கோ அப்பா என்று ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கரைச்சல் கொடுப்பாள்.

“அங்க ஆரோட கதைக்கிறியள்? ஒரு சனம் இல்ல.”

“ஆர் சொன்னது? காலமயிலயிருந்து ஆக்கள் வாறதும் போறதுமா இருக்கு,” என்பேன்.

அது முழுப் பொய் இல்லை. வீட்டுக்கு முன்னால் ரோட்டு இருக்கிறது. ஆட்கள் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார்கள். உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். நான் கூச்சக்காரன். கடையில் சீனி கேட்பதற்கே, கடைக்காரர் என்னைப் பார்க்கும் வரை நின்றுகொண்டிருப்பவன். அப்படிப்பட்ட ஆளோடு யார் வந்து கதைப்பார்கள்?

அந்தப் பொய்யைக் கொஞ்சமாவது உண்மையாக்கத்தான் நான் கரைவலைக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும், வலை கரைக்கு வந்ததும் கறிக்கு ஒரு பிடி மீன் உண்டு. ஊரென்ன, பேரென்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. கூச்சமுள்ளவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு பின்னுக்கு நடந்துதான் இழுப்பார்கள். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுமில்லை.

முதல் நாள் வலைக்காரர் சேவியர் சம்மாட்டி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று.

“அண்ணே, இழுக்கிறது பெரிய வித்த இல்ல. மீன் நெறஞ்ச வலைட மடி கரைக்குக் கிட்ட வரக்குள்ள மட்டும் கயித்த உடக் கூடாது. வானம் இடிஞ்சு விழுந்தாலும் உடக் கூடாது. வெளங்கிச்சா?”

“ஓம்,” என்றேன். அன்று நான் பேசிய ஒரே சொல் அதுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

எனக்குப் பின்னால் பிலோமினா நிற்பாள். மீன் காயவைத்து விற்கும் பெண். ஊர்க் கதை முழுவதையும் என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே இழுப்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவளும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் விடிவதற்கு முன்பே எனக்கு முழிப்பு வரத் தொடங்கியது. பிடி மீனுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீன் என்றால் கணக்குச் சரியாக வரும். இன்னொருத்தியின் கதை கேட்க விடியப்புறம் ஓடுகிறேன் என்றால் என்ன கணக்கில் எழுதுவது?

இனி அந்த உள்காற்சட்டை.

பண்ணையில் ஒருமுறை புதுக் குளம் திறந்தார்கள். பெரிய ஆள் ஒருவரை அழைத்து, வாசலில் வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில் ஒரு பதாகை கட்டினார்கள்: ‘பிரதம அதிதி அவர்களே, வருக! வருக!’ பிரதம அதிதி வரவில்லை. பின்னேரம் வரை பார்த்துவிட்டு முதலாளியே குளத்தைத் திறந்தார். அவிழ்த்த துணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்ன அருமையான துணி! ‘பிரதம அதிதி’ தலையணை உறையாயிற்று. ‘அவர்களே’ அடுப்படியில் சட்டி இறக்க உதவியது. மிச்சத்தில் கையாலேயே ஒரு காற்சட்டை தைத்தேன். எழுத்து உள்ளே இருந்தால் பெயின்ற் தோலைக் கடிக்கும் என்பதால் எழுத்தை வெளியே விட்டேன். பின்புறத்தில் இடப்பக்கம் ஒரு ‘வருக!’, வலப்பக்கம் ஒரு ‘வருக!’ இரண்டு ஆச்சரியக்குறிகளும் சேதமில்லாமல் வந்திருந்தன. (என் தையலில் நான் பெருமைப்பட்டது அந்த இடத்தில் மட்டும்தான்.)

அதற்கு மேலே இடுப்பில் லுங்கி போலக் கட்டிய சாரத்தையும் சொல்ல வேண்டும். துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு போல ஆகியிருந்தது. முடிச்சுப் போட்டால் நிற்காது. புதுச் சாரம் வாங்கலாம்தான். ஆனால் இது இன்னும் கிழியவில்லையே!

அன்று நல்ல பாடு, வலை நிறைய மீன். மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. காகமும் கடற்பறவைகளும் தலைக்கு மேலே கலியாண வீடு மாதிரிச் சத்தம். “இழுங்க! இழுங்க! ஒருத்தரும் உடாதீங்க!” என்று சம்மாட்டி தொண்டை கிழியக் கத்தினார். அப்போதுதான் என் இடுப்பில் ஏதோ நழுவியது.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. சாரம் உடனே விழவில்லை. மெல்ல மெல்ல, தவணை முறையில் இறங்கியது. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு கையை எடுத்துச் சாரத்தைப் பிடிக்கலாம். ஆனால் வானம் இடிந்தாலும் கயிற்றை விடக் கூடாது என்பது உத்தரவு. சாரத்தைப் பற்றி உத்தரவு ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் காவலாளியாக இருந்தவன் நான். உத்தரவை மீறத் தெரியாது. தொடைகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். தொடைகளைச் சேர்த்துக்கொண்டு பின்னுக்கு நடக்க முடியாது. சாரம் கணுக்காலுக்கு வந்தது. ஒரு காலை எடுத்தேன். மற்றக் காலையும் எடுத்தேன். அது எனக்கு முன்னால் மணலில் வட்டமாகக் கிடந்தது. நான் இழுத்துக்கொண்டே அதைவிட்டுத் தூரம் போனேன்.

எனக்குப் பின்னால் பிலோமினாவின் ஊர்க் கதை சட்டென்று நின்றது.

பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி, சத்தமாக.

“வ... ரு... க. வருக.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இங்காலயும் வருக! அட ஆண்டவரே, அண்ணே, ஆரக் கூப்புடுறீங்க?”

கயிற்றில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். சிரித்துக்கொண்டு கயிறு இழுக்க மனிதரால் முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஒருவன் மணலில் இருந்துவிட்டான். ஒருவன் வயிற்றைப் பிடித்தான். எங்கள் பக்கத்துக் கயிறு தொய்ந்தது. மற்றப் பக்கத்துக்காரர் விஷயம் தெரியாமல் இழுத்தார்கள். வலை ஒரு பக்கம் சாய்ந்தது. வெள்ளி வெள்ளியாகச் சூடை மீன் துள்ளிக் கடலுக்குத் திரும்பிப் போயிற்று.

சம்மாட்டி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். “எவன்டா கயித்த உட்டது?” என்று கத்தினார். என்னைச் சுற்றி ஒருமுறை வந்தார். வாசித்தார். பிறகு அவரும் மணலில் இருந்துவிட்டார்.

அன்று அந்தக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். அதை இதுவரை ஒருவரும் பாராட்டவில்லை.

சாரத்தை அள்ளிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். என் பிடி மீனைக்கூட எடுக்கவில்லை. சிரித்தது எனக்குப் பெரிதில்லை. எத்தனை குடும்பத்து உழைப்பு என் பழைய சாரத்தால் கடலுக்குப் போனது! இனி எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது? (முகத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) மறுநாள் விடியப்புறம் வழக்கம் போல முழிப்பு வந்தது. படுத்தபடியே கிடந்தேன். கரையில் அவர்கள் இழுக்கும் சத்தம் காற்றில் கேட்டது. தலையணையைக் காதில் வைத்து அமர்த்திக்கொண்டேன். பிரதம அதிதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மகள் தொலைபேசி எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

“அப்பா, உங்களுக்குச் சாப்பாட்டுக்கு இல்லையே? மீனுக்காகக் கயிறு இழுக்கிறியளே? பதாகைத் துணியில... ஐயோ அப்பா!”

நடந்தது இதுதான். கனமூலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து மீன் எடுக்கும் நிஸார், வலை வரும்போதெல்லாம் வீடியோ எடுத்துத் தன் வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புவார். அன்றும் அனுப்பியிருக்கிறார். அது கைமாறிக் கைமாறிச் சிலாபத்துக்குப் போய், அங்கிருந்து இத்தாலிக்குப் போயிருக்கிறது. அவர் கரைப்பக்கம் நின்று கடலைப் பார்த்து எடுத்தார். நாங்கள் கடலைப் பார்த்து நின்றோம். படத்தில் முன்னுக்கு எது நின்றிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். “அல்லாட சத்தியமா அண்ணன், நா மீனத்தான் எடுத்த. நீங்க அதுக்குள்ள நிண்டத வீட்ட போய்த்தான் கண்ட.” கேற்றுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்சட்டைக்கு வந்தது.

மகள் தீர்மானித்துவிட்டாள். மாமியார் தலவிலைக் கோயிலுக்கு நேர்த்தி வைக்க வான் வண்டியில் வருகிறாராம். திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போவாராம். வானுக்கு இரட்டைச் செலவில்லை. அந்த ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

சொன்ன நாளில் சம்பந்தியம்மா வந்தார். வாசலில் நின்று வீட்டைப் பார்த்தார். என் ஒற்றைக் கதிரையைப் பார்த்தார். “அனே சம்பந்தி, எப்பிடி இங்க தனிய இருந்தீங்க?” என்றார். நான் ஒரு பையில் உடுப்பைக் கட்டிவைத்திருந்தேன். பை முழுதாக நிரம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கேற்றடியில் ஒரு குரல்.

“அண்ணே! வருக அண்ணே! என்ன, காய்ச்சலா?” பிலோமினா. கையில் ஒரு பை மீன். “கயித்தில ஒங்க எடம் சும்மா கெடந்திச்சு. இப்ப அந்தோனி நிக்கிறான். எருமைமாடு மாதிரி என்ட கால மிதிக்கிறான். நீங்க ஒரு நாளாவது மிதிச்சிருப்பீங்களா? நாளைக்கு வாங்க. சம்மாட்டி சாரத்துக்குக் கட்ட ஒரு கயிறும் தந்து உட்டிருக்கிறார்.”

மீனோடு சேர்த்து மூன்று முழம் வலைக்கயிற்றையும் என் கையில் வைத்தாள். சம்பந்தியம்மாவைப் பார்த்தாள், வானைப் பார்த்தாள், கட்டிவைத்த பையைப் பார்த்தாள். திரும்பி நடந்து போய்விட்டாள்.

சம்பந்தியம்மா வாசல் கதிரையில் இருந்தார். நான் மீனை வெட்டிப் பொரித்துப் பாணோடு வைத்தேன். சாப்பிட்டார். காற்றாலைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ட வீட்டில மேல மூணு அற, கீழ மூணு அற,” என்றார் பிறகு. “டிவி மட்டுந்தான் கதைக்கும். நா காச்சல்ல கெடந்தா, கால மிதிக்கிறான் எண்டு சொல்லவும் ஒருத்தி வர மாட்டா.” மீன் முள்ளை ஒதுக்கினார். “நானும் வந்து இழுத்தா மீன் தருவாங்களா?”

“தருவாங்கள். ஆரெண்டாலும் தருவாங்கள்.”

அப்போது மகள் தொலைபேசி எடுத்தாள். சம்பந்தியம்மாதான் கதைத்தார். “இல்ல மகள், அவர் வரல்ல. ஓம், சாப்பாடு இருக்கு. நல்ல மீன். நான் இப்ப சாப்புட்டன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “புதுச் சாரம் ரெண்டு மட்டும் அனுப்பு,” என்றார்.

வான் போன பிறகு நான் பையை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்பவும் கொடியில் போட்டேன். வீடு வழக்கம் போல இருந்தது.

இதெல்லாம் நடந்து கொஞ்சக் காலமாகிவிட்டது. கரையில் என் பெயர் இப்போது வருக அண்ணன். நான் போனதும் கயிற்றின் இரண்டு பக்கமும் “வருக! வருக!” என்று குரல் எழும். இத்தாலியில் பேத்திக்குத் தமிழ் அவ்வளவு வராது. ஆனால் தொலைபேசியில் என்னைக் கண்டதும் இந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சம்பந்தியம்மா வீட்டு விருந்துகளில் இந்தக் கதை இல்லாமல் இலை எடுப்பதில்லையாம். அவர் இன்னும் கயிறு இழுக்க வரவில்லை.

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலை இல்லை. கயிறு இல்லாவிட்டால் எங்களுக்குள் கதையும் இல்லை. அந்த மாதங்கள் நீளமானவை. அப்போது நான் அந்தக் காற்சட்டையைத் துவைத்து, எழுத்து ரோட்டைப் பார்க்கும்படி முன்கொடியில் காயப்போடுவேன். காற்றில் அது நன்றாக விரிந்து நிற்கும். பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். இன்னொரு கதிரையும் வாங்கி வைத்திருக்கிறேன். (பழைய கதிரைதான். மலிவு.)

ஞாயிறுகளில் மகள் கேட்பாள். “என்னப்பா, இண்டைக்கு ஆரும் வந்தவையே?”

“வாசிச்சுப் போட்டுப் போறாங்கள் பிள்ளை,” என்பேன்.