முதல் முரை வருகிறீர்களா?

எது வந்தாலும் சரி, கம்ப்யூட்டர் என்ற வஸ்துவின் மேல் தன் விரல் படாது என்று சந்திப்பிழை சபதம் எடுத்துக்கொண்டார். சாட்சிக்கு ஆள் கிடையாது. குளியலறைக் கண்ணாடி முன்னால் எடுத்த சபதம்.

சந்திப்பிழை என்பது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருஷமாக அங்கே பிழை திருத்துகிறார். ஒரு 'க்', ஒரு 'ச்' விட்டுப்போனால் போதும், டைப் அடித்தவர் மேஜைக்கே போய் நின்றுவிடுவார். அதனால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சந்திப்பதே பிழை என்பதால் வைத்தோம் என்று மற்றவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

சபதத்துக்குக் காரணம் முதலாளி. "இன்னும் ரெண்டு மாசம்தான் பேப்பர் புரூஃப். அப்புறம் எல்லாம் ஸ்கிரீன்லதான். முடியும்னா இருங்க, முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்புதான் சந்தேகமாக இருந்தது. இந்த வேலையை விட்டால் சந்திப்பிழைக்கு வேறு எதுவும் தெரியாது. கம்ப்யூட்டரைக் கண்டாலோ பயம். பயத்தை வெளியில் காட்ட முடியாது. சந்தேகத்தைத் தாராளமாகக் காட்டலாம். அதனால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். மனைவியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவளோ அன்றைக்கே சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"தெரு முனையில புதுசா கம்ப்யூட்டர் கடை திறந்திருக்காங்களே, பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்?"

"கம்ப்யூட்டர் செய்யிற கம்பெனியே போட்ட கடையாம். முதல் தடவையா தொடுறவங்களுக்குச் சும்மாவே சொல்லித் தராங்களாம். போய்ப் பாருங்களேன்."

"செய்யிறவனே கடை போட்டிருக்கான்னா என்ன அர்த்தம்? மத்த கடைக்காரன் எவனும் அதைச் சீந்தலைன்னு அர்த்தம்."

"வாங்கச் சொல்லி வற்புறுத்தவே மாட்டாங்களாம்."

"பாத்தியா! விக்கிறதுக்குக் கடையைத் திறந்துட்டு விக்க மாட்டேங்கிறான். இதைவிடப் பெரிய திருட்டுத்தனம் என்ன இருக்கு?"

அவள் குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்ட திருப்தியில் சந்திப்பிழை கை கழுவினார்.

மறுநாள் முதல் கடையை உளவு பார்க்க ஆரம்பித்தார். எதிர்சாரியில், செருப்பு வார் அறுந்தவர் மாதிரி குனிந்து நின்று. கண்ணாடிச் சுவர். கல்லாப்பெட்டி எங்கே தேடியும் கண்ணில் படவில்லை. நீளமான மேஜைகள், மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர், எதிரே மெத்தை வைத்த நாற்காலி. வருகிறவனை உட்காரச் சொல்கிறான் என்றால் எழுந்திருக்க விடமாட்டான் என்று பொருள். ஒரு கிழவர் முக்கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் சீட்டாடிவிட்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்தார். நீலச் சட்டை போட்ட பெண்மணி ஒருத்தி கதவு வரை வந்து அவருக்கு டாட்டா வேறு காட்டினாள். சந்திப்பிழைக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. கிழவர் கடையின் கையாள்தான்!

அந்த வாரக் கடைசியில் கடை வாசலில் ஒரு பலகை முளைத்தது.

'முதல் முரை வருகிறீர்களா? சும்மா வாங்க!'

முரை! சந்திப்பிழைக்கு உடம்பெல்லாம் அரித்தது. 'சும்மா வாங்க' வேறு வில்லங்கமாக இருந்தது. சும்மா உள்ளே வரச் சொல்கிறானா, சும்மாவே வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறானா? ஒருத்தன் கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினால் எந்தக் கோர்ட்டும் அவனைக் கேட்க முடியாது. அது அவர்கள் பாடு. ஆனால் 'முரை'? இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு மேல் தாங்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"யாரும்மா இங்க பொறுப்பு? அது முரை இல்ல, முறை. வல்லின ற."

நீலச் சட்டைக்காரி பதறிப்போனாள். "அய்யய்யோ, ஆமா சார்! இதோ இந்தக் கம்ப்யூட்டர்லதான் அடிச்சது. நீங்களே திருத்திக் குடுத்துடுங்களேன். நான் திருத்தினா இன்னொரு தப்பு வந்துடும்."

"நான் வாங்க வரல."

"யாரு சார் வாங்கச் சொன்னா? உக்காருங்க. மவுஸைப் பிடிங்க."

"பொறி வச்சு எலியைப் பிடிக்கிறது தெரியும். இங்க எலியைக் கையில குடுத்து ஆளைப் பிடிக்கிறீங்களா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருடைய ஜோக்குக்கு ஒருத்தர் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தார்.

ஒற்றை விரலால் தட்டினார். 'ரை' போயிற்று. இன்னும் இரண்டு தட்டு. 'றை' வந்தது. அவ்வளவுதான். காகிதத்தில் என்றால் சுழித்து, ஓரத்துக்குக் கோடு இழுத்து, அதை டைப் அடிக்கிறவர் பார்க்காமல் விட்டு, மறுபடியும் சுழித்து, அவரோடு சண்டை போட்டு... அப்புறம் அவள் எதையோ அழுத்திக் காட்ட, எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தன. கொஞ்ச நாளாகவே ஒற்றின் புள்ளியைத் தேடுவதற்கு அவர் காகிதத்தை மூக்கில் உரசிக்கொண்டிருந்தார். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஒரு புள்ளி விடாமல் தெரிந்தது. மூக்கை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எல்லாம் கண்கட்டு வித்தை" என்று முனகிவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் புதுப் பலகை: 'பயமா? தொட்டுப் பாறுங்கள்!' ஓடினார். அதற்கு மறுநாள்: 'கற்றுத் தருகிரோம்!' பறந்தார். போகப் போகக் கடையின் தமிழ் படுமோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு விளக்கப் புத்தகத்தையே ஸ்கிரீனில் திறந்து வைத்து, "நீங்கதான் சார் காப்பாத்தணும்" என்றாள் நீலச் சட்டைக்காரி. பக்கத்துக்குப் பத்துப் பிழை! தினமும் வேலை விட்டதும் நேராக அங்கே போய் உட்கார்ந்தார். மூன்றே வாரத்தில் பத்து விரலில் ஆறு விரல் வேலைக்கு வந்துவிட்டன.

"ரெண்டு மாசமெல்லாம் எதுக்கு? நாளைக்கே ஸ்கிரீன்ல குடுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி மறுபடி சிரித்தார். இந்தத் தடவை சந்திப்பிழையும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டில்தான் தகராறு.

"கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"வேண்டவே வேண்டாம்" என்றாள் மனைவி. "செய்யிறவனே கடை போட்டிருக்கான். என்ன திருட்டுத்தனமோ?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தீர விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன். எல்லாரும் அவங்ககிட்ட ஏமாறுவாங்க. என்கிட்ட அவங்க தமிழ் கத்துக்குறாங்க!"

"வைக்க இடம் கிடையாது."

"என் மேஜையில வச்சுக்குறேன். என் மேஜை, என் இஷ்டம்!"

"என்னமோ பண்ணுங்க" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே போய் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி வந்தது. நீலச் சட்டைக்காரியே கூட வந்து ஒயரெல்லாம் மாட்டிக் கொடுத்தாள். சந்திப்பிழை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனைவிக்கு அவளை அறிமுகம் செய்து வைக்க வாயைத் திறந்தார். அதற்குள் நீலச் சட்டைக்காரி சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா! சார்தான் வாங்கியாச்சே, இனிமே போர்டைத் தப்பில்லாம எழுதலாமா? வர்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அந்தத் தப்பெல்லாம் நீ எழுதினதா?"

"கடை திறந்த அன்னிலேர்ந்து போய்க் கத்துக்கிட்டேன்ல? எல்லாம் நானே அடிச்சது."

"அந்த விளக்கப் புத்தகம்?"

"அதுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். பக்கத்துக்குப் பத்து யோசிக்கணும்ல?"

"எதுக்குடி இதெல்லாம்?"

"உங்க முதலாளி சம்சாரம் எனக்கு போன் பண்ணிட்டாங்க. இருபத்தாறு வருஷ வேலை. போனா நீங்க தாங்குவீங்களா?"

கோபம் வந்தது. கூடவே வெட்கமும், சொல்லக் கூசுகிற மாதிரி ஒரு நிம்மதியும் வந்தன. கோபத்தை மட்டும் வெளியே எடுத்தார்.

"அப்போ நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"முதல் நாளே சொன்னேன். சரியாச் சொன்னா உங்க காதுல விழறதில்ல. தப்பா எழுதினாத்தான் ஓடி வர்றீங்க."