பத்து மீட்டர் தைரியம்

புது மனிதன் ஒருவனின் விலை தொண்ணூறு என்றான் நடைபாதைப் புத்தகக்காரன். பேரம் பேசி ஐம்பத்தைந்துக்கு முடித்து, ‘தொண்ணூறு நாளில் புது மனிதன்’ என்று அட்டையில் போட்டிருந்த மெல்லிய நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் மீட்டர்.

மீட்டர் என்பது கடையில் வைத்த பெயர். திரைச்சீலைக் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் துணி அளந்து வெட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஜன்னலைக் கண்ணால் பார்த்தே அகலம் சொல்லிவிடுவார். டேப் பிடித்துப் பார்த்தால் விரற்கடை பிசகியிருக்காது. பிசகுவது வாய் ஒன்றுதான். முதலாளி எதிரே வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த முதலாளி அடுத்த தெருவில் புதுக் கிளை திறக்கப் போகிறார். பொறுப்பைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான்கு மாதமாக அதை விழுங்கி விழுங்கி, இனி விழுங்க வயிற்றில் இடமில்லாமல்தான் நோட்டு வாங்கினார்.

நோட்டில் தொண்ணூறு பக்கம். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம். முதல் பக்கத்தில் ஒரு விதி: புதுப் பழக்கத்தைத் தனியாக விடாதே, பழைய பழக்கத்தில் மாட்டிவிடு. கொக்கியில் திரை மாட்டியே குடும்பம் நடத்துகிறவருக்கு இது புரியாமல் போகுமா? ‘இலட்சியம்’ என்ற கோட்டில் ‘முதலாளியிடம் கேட்பது’ என்று எழுதிவிட்டுக் கொக்கி தேட ஆரம்பித்தார். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, நிதானத்துக்கு நல்லது. டேப்பைக் கையில் எடுத்தால் எதிரே இருப்பவரின் கண்ணைப் பத்து எண்ணும்வரை பார்ப்பது. தண்ணீர் குடித்தால் அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது.

மறுநாள் காலை குழாயடியில் கொக்கு மாதிரி நின்றவரை மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு காலையும் ஊனி நின்னா என்னங்க? இன்னொண்ணை யாருக்கு மிச்சம் பிடிக்கிறீங்க?"

வாயெல்லாம் நுரை. ஒரு நிமிடம் பொறு என்று விரலைக் காட்டினார். அவள் ஒரு டீ என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் கட்டத்தில் டிக் விழுந்தது.

கடையில் முதல் வாடிக்கையாளர், படுக்கையறை ஜன்னலுக்கு நான்கு மீட்டர் கேட்டு வந்த அம்மாள். மீட்டர் டேப்பை எடுத்தார், அவள் கண்ணைப் பார்த்தார், மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். மூன்றில் அந்த அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஐந்தில், நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா என்று கேட்டாள். எண்ணிக்கையைப் பாதியில் விட முடியுமா? கண் தன் வேலையைப் பார்க்க, கை தன் வேலையைப் பார்த்தது. கண் ஏழு என்றால் கையும் ஏழு. பத்தில் இரண்டும் ஒன்றாக நின்றன, கத்தரி மட்டும் நிற்காமல் பத்து மீட்டரை வெட்டித் தள்ளியது.

"எங்க வீட்ல இருக்கறது ஜன்னல்ங்க. சினிமாக் கொட்டகை இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இறங்கிப் போனாள்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தப்பு வெட்டு. ஆனால் கட்டத்துக்கு அது தெரியாது, அங்கே டிக்தான். தப்பு பழக்கத்தில் இல்லை, கொக்கியில் இருக்கிறது என்று கண்டுபிடித்த மீட்டர், கண் பார்ப்பதை டேப்பிலிருந்து கழற்றிக் கடைக் கதவு மணியில் மாட்டினார். மாட்டியதோடு விட்டாரா? தெம்புக்காக இன்னொன்றையும் சேர்த்தார். மணி அடித்தால் ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். எழுந்ததும் வந்தவரின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

அது தள்ளுபடி வாரம் என்பது மறந்துபோயிற்று. மணி விடாமல் அடித்தது. உள்ளே வருகிறவர்கள் பார்த்ததெல்லாம், மேஜைக்குப் பின்னால் ஒரு தலை மறைவதும் முளைப்பதும், கடைசியில் வியர்த்து வழிய அவர்களையே வெறித்துப் பார்ப்பதும்தான். பாதிப் பேர் வந்த காலோடு திரும்பினார்கள்.

"என்ன தொலைச்சீங்க அண்ணே?" கல்லாவில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஊசி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்.

அவளும் குனிந்து தேட ஆரம்பித்தாள். தையல்காரர் வந்து குனிந்தார். அவரைப் பார்த்து விற்பனையாள் ஒருவரும் குனிந்தார். முதலாளி கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தபோது கடையில் ஒரு ஆளைக் காணோம். மணி அடித்தது. ஒரே ஒரு தலை மட்டும் ஐந்து முறை வந்து வந்து போயிற்று.

முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் வாக்கியம் மாட்டியிருந்தது தண்ணீரில். தண்ணீர் இல்லாமல் அது அசைய மறுத்தது. "தண்ணி" என்றார் மீட்டர். முதலாளி பதறிப்போய்த் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். குடிக்கக் குடிக்க வாக்கியம் மேலே ஏறியது, தண்ணீர் கீழே இறங்கியது, இரண்டும் தொண்டையில் முட்டிக்கொண்டன. புரையேறிக் கண் பிதுங்கியதுதான் மிச்சம்.

"பேசாதீங்க மீட்டர். ஒண்ணும் பேச வேணாம். வீட்டுக்குப் போய்ப் படுங்க."

நோட்டில் அன்றைக்கு அரை டிக் போட்டார்.

அதன் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. ஏணியில் ஏறக் கூடாது என்றார்கள். உட்கார நாற்காலி போட்டார்கள். கல்லா அக்கா ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தாள். முப்பதாம் நாளுக்குள் எல்லோரும் மதிப்பார்கள் என்று நோட்டில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் மதிப்பு வந்தவனிடம் ராத்திரி தூக்கம் வருகிறதா என்று யாராவது கேட்பார்களா? ஒருநாள் முதலாளி அருகே வந்து தோளில் கை வைத்து, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். தன் தைரியத்தைத்தான் சொல்கிறார் போல. அப்பா எதற்கும் அஞ்சாதவர். மீட்டர் பெருமையோடு தலையாட்டினார். முதலாளி நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

புதுக் கிளைக்கோ வர்ணம் அடித்து முடிந்தும் ஷட்டர் மேலே ஏறவில்லை. வேறு ஆள் தேடுகிறார்கள் என்று மீட்டர் முடிவு கட்டினார். பழக்கங்களை இரண்டு மடங்காக்கினார். வீட்டில் மனைவி கேள்வி கேட்பதையே விட்டுவிட்டு, குழாயடியில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்து வைத்தாள்.

அறுபத்திரண்டாம் நாள், ஆறு டம்ளர் தண்ணீரைக் குடித்து, ஆறு முறை ஒத்திகை பார்த்து, நேரே கண்ணாடி அறைக்குள் போனார். முதலாளியின் கண்ணைப் பார்த்தார். நாக்கு ஒட்டவில்லை.

"அந்தப் புதுக் கிளையோட பொறுப்பை…"

முதலாளி கையைத் தூக்கித் தடுத்தார். "அதைப் பத்தி நீங்க இப்ப நினைக்கவே கூடாது மீட்டர்." எழுந்து வந்து அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். கடை வேன்காரரைக் கூப்பிட்டு, இவரைப் பத்திரமாக வீட்டில் விடச் சொன்னார்.

அவ்வளவுதான். கேட்டும் ஆயிற்று, இல்லையென்றும் ஆயிற்று. வேன் குலுங்காமல் ஊர்ந்தது. அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த கிளையைத் தாண்டும்போது மீட்டருக்குத் தாங்கவில்லை.

"இதை யாருக்குக் கொடுக்கப் போறாராம்?"

வேன்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"கொடுத்து ரெண்டு மாசத்துக்கு மேலாச்சே அண்ணே, நான்தானே சாமான் இறக்கினேன். மேஜை ஒண்ணு, சுழல் நாற்காலி ஒண்ணு, உங்க பேர் எழுதின பலகை ஒண்ணு, எல்லாம் வந்தாச்சு; பாக்கி, திடீர்னு உங்களுக்கு வந்த இந்த வியாதி குணமாகறது ஒண்ணுதான்."