ஏணியோடு வராதீங்க, மாமா

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இது நலம் விசாரிக்க வேண்டிய இடம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது, உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். என் பக்கம், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், சட்டைகளில் எல்லாப் பொத்தானும் இருக்கிறது. ஓர் ஆள் நடமாடுகிறான் என்பதற்கு இவ்வளவு சான்று போதும். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் தொண்டையைச் செருமினால் நான் உடனே வோல்டேஜ் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். நீங்களும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, "சொல்லுங்..க" என்று கடைசியில் ஓர் இழுப்பு இழுத்து நிறுத்துவீர்கள். அந்த இழுப்புக்குப் பிறகு என்ன சொல்வதென்று எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன், நீங்கள் கிளம்புவதற்கு முன் கைக்கு வந்துவிடும்.

விஷயம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வராதீர்கள். மொட்டைமாடியில் நிற்கும் ரேடியோ ஆன்டெனாக் கம்பத்தை இறக்க வேண்டாம்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் பண்ணியது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்னிடம் வந்தார். வாசலில் நின்றபடி, "தம்பி, ரேடியோ லைசென்ஸ் உங்க சம்சாரம் பேர்ல இருந்துச்சு. அவங்க இருந்தவரைக்கும் நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்ப யாராவது வந்து, மேல கம்பம் நிக்குதே, ரேடியோ யாருதுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? அடுத்த மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் காட்டுங்க, இல்ல இறக்கிடுங்க" என்றார். நியாயமாகத்தான் பேசினார், மாமா. அதுதான் சங்கடம். அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நீங்களும் போனில், "அது கண்ணுல படக்கூடாதுன்னே உங்க தெருப்பக்கம் வராம இருக்கேன் மாப்ள, கெடு முடியிற ஞாயித்துக்கிழமை ஏணியோட வந்து இறக்கிடலாம்" என்றீர்கள். அந்தக் கம்பத்தை அவளோடு சேர்ந்து ஏற்றியவரே நீங்கள்தான். உங்களிடம் நான் என்ன பேச? சரி என்று வைத்துவிட்டு, மறுநாள் போய் ஹாம் ரேடியோ லைசென்ஸ் தேர்வுக்குப் பணம் கட்டினேன்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இந்தத் தேர்வு எம்மாத்திரம் என்று நினைத்தேன். எழுத்துத் தேர்வில் மின்சாரக் கேள்விகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு கேள்வி மட்டும் காலை வாரியது. ரேடியோவில் ஒருவர் ஆபத்து என்று கூப்பிடுவது காதில் விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? 'மின் இணைப்பைத் துண்டிப்பேன்' என்பதற்கு டிக் போட்டேன். லிஃப்டில் அதுதான் சரி. ரேடியோவில் அப்படிச் செய்தால் கூப்பிட்டவன் கதி என்ன என்பது வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. இருந்தாலும் எழுத்தில் பாஸ்.

அடுத்தது மோர்ஸ், அந்தக் காலத் தந்தி பாஷை. காதில் வருவதைக் கேட்டு எழுத வேண்டும், பிறகு தாளில் இருப்பதைத் தட்டிக் காட்ட வேண்டும். 'பிப்' என்று ஒரு குறில், 'பீ..ப்' என்று ஒரு நெடில், இவ்வளவுதான் மொத்த பாஷையும். உங்கள் மகள் ரேடியோ கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்காகத் தட்டிப் பதிவு செய்துவைத்த பாடங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. பேச்சே கிடையாது, வெறும் தட்டல். ஆறாம் பாடத்தில் மட்டும் ஓர் இருமல். அந்த இருமலைத் தாண்டி ஏழாம் பாடத்துக்குப் போக எனக்கு நாளாயிற்று.

ஒருவழியாகப் போனேன். போனபின் நிறுத்த முடியவில்லை. லாரி பின்னால் வரும்போது கத்துகிறதே, அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான், "சார், கடைசி ரெண்டு எழுத்து மறுபடி சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் வாயையே திறந்திருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்கள். பெண்டாட்டி செத்தவனுக்கு இப்படி ஒரு சலுகை உண்டு மாமா, என்ன உளறினாலும் குனிந்துகொள்வார்கள். கீழே வீட்டுக்காரர் என் பயிற்சிச் சத்தத்தைக் கேட்டுத் தன் வீட்டுப் புகை அலாரம்தான் கூவுகிறது என்று நினைத்து, நாற்காலி போட்டு ஏறி பேட்டரியை மாற்றியிருக்கிறார். அப்புறமும் கூவியதா, அலாரத்தையே கழற்றிவிட்டார். அதற்குப் பிறகும் கூவியது. வாளித் தண்ணீரில் அமுக்கி, அந்த வாளியோடேயே மாடி ஏறி வந்து நின்றார். "தம்பி, தண்ணிக்குள்ள போட்டும் கத்துது" என்றார் பாவம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை தேர்வுக்குப் போனது அப்படித்தான், முழு நம்பிக்கையோடு. சின்ன அறை, ஜன்னல் பூட்டியிருந்தது, ஃபேன் சத்தம் வரும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். தேர்வு அதிகாரி ஓர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மேலாகப் பார்க்கிறவர். ஹெட்போனில் மெஷின் தட்ட ஆரம்பித்தது. எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. கையைத் தூக்கினேன்.

"மேடம், மெஷின்ல ஏதோ கோளாறு."

"என்ன கோளாறு?"

"இங்கிலீஷ் கே எழுத்து தப்பா வருது. கடைசி நெடில் குட்டையா இருக்கு."

"தம்பி, பல வருஷமா இந்த மெஷின்தான் தட்டுது. இதுமேல புகார் சொன்ன முதல் ஆளு நீங்கதான். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"வீட்ல."

"அப்ப அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க, பக்கத்துல உக்காந்து எழுதட்டும்."

"அவங்க எப்பவோ பாஸ் பண்ணிட்டாங்க மேடம்."

ஃபெயில். கெடுவுக்குள் இன்னொரு தேர்வு மட்டும் இருந்தது. அதையும் விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை கம்பம் காத்திருக்காது.

விஷயம் என்னவென்று நடந்து வரும்போது புரிந்தது. மோர்ஸில் குரல் கிடையாது, ஆனால் கை உண்டு. ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு நடை இருக்கும், ரேடியோக்காரர்கள் அதைக் 'கை' என்றுதான் சொல்வார்கள். உங்கள் மகளுடைய கை, நெடில்-குறில்-நெடில் என்று வரும் கே எழுத்தில் கடைசி நெடிலை ஓர் இழுப்பு இழுக்கும். தட்டி முடித்ததும் போடுகிற எழுத்து அது. 'என் பேச்சு முடிந்தது, இனி நீங்கள்' என்று அர்த்தம். நான் கற்றது மோர்ஸ் இல்லை, மாமா. அவள் கையை மட்டும்தான் கற்றிருக்கிறேன். வேறு யார் தட்டினாலும் எனக்கு அந்நிய பாஷை.

எனவே மெஷின் தட்டுகிற பாடங்களை இன்டர்நெட்டில் இறக்கி, அதனிடம் கற்க உட்கார்ந்தேன். என்னோடு வேலை பார்க்கிற மெக்கானிக், நாங்கள் 'கிரீஸ்' என்று கூப்பிடுவோம், மதிய இடைவேளையில் என் ஹெட்போனை வாங்கி, அவள் தட்டியது, மெஷின் தட்டியது இரண்டையும் கேட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணு மூச்சு விடுது. இன்னொண்ணு விடல."

"விடாததுதான் பரீட்சைக்கு வருமா?"

"ஆமா."

"அப்ப அதைக் கேளுங்க சார். மூச்சு விடுறதை அப்புறம் கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

கேட்டேன். வேறு எதையும் கேட்காமல் அதையே கேட்டேன். கடைசி வாரத்தில் மெஷின் தட்டுவது தெளிவாகப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஆறாம் பாடத்தைப் போட்டேன். மாமா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. உங்கள் மகள் தப்புத்தப்பாகத் தட்டுகிற மாதிரிக் கேட்டது. எங்கே எழுத்து முடிகிறது என்றே பிடிபடவில்லை. இருமல் மட்டும்தான் புரிந்தது. நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினேன். கழுவிக் கவிழ்த்திருந்ததையும் எடுத்துக் கழுவினேன். கம்பத்தைக் காப்பாற்றப்போய் அவள் கையைத் தொலைத்துவிட்டேனே, இனிமேல் கம்பம் இருந்து என்ன, இறங்கி என்ன என்று தோன்றியது. அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டு ஏணியோடு வரச் சொல்லியிருப்பேன். கை ஈரமாக இருந்தது, போனை எடுக்கவில்லை.

தேர்வன்று அதே அறை, அதே அம்மா. கேட்டு எழுதுவதில் பிழையே இல்லை. தாளை வாங்கிப் பார்த்தவர் அடுத்த தாளை நீட்டினார். அடுத்து தட்டிக் காட்ட வேண்டும். நான்கு பிழை வரை மன்னிப்பு, ஐந்தாவது விழுந்தால் ஃபெயில். நெடில் நீண்டாலும் பிழைதான். தாளில் நான்கு இடத்தில் கே இருந்தது. மெஷின் மாதிரி சுத்தமாகத் தட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் தட்டுகிற கீயில் கை வைத்தேன்.

முதல் கே வந்தது. கடைசி நெடிலில் விரல் எழவில்லை. எழு எழு என்கிறேன், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. இழுத்தது. எதிரே பென்சில் தாளில் கீறுகிற சத்தம் கேட்டது. காது மறந்துவிட்டதென்று பாத்திரம் கழுவினேனே, விரல் மறக்கவில்லை, மாமா. எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டாவது கே. மணிக்கட்டை மேஜையோடு அழுத்திக்கொண்டேன். இழுத்தது, கீறல். மூன்றாவதும் அப்படியே. நான்காவது வருவதற்குள் மற்ற எழுத்து எதிலாவது தடுமாறினால் தீர்ந்தது கதை. தடுமாறவில்லை. நான்காவது கே, நான்காவது கீறல். தாள் முடிந்தது, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சோடு கை தானாகவே இன்னொரு கே போட்டது. முடிக்கும்போது அவள் போடுவாளே, அது. முழு இழுப்போடு.

ஐந்தாவது கீறலும் கேட்டது.

அந்த அம்மா எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "அஞ்சு" என்றார்.

ஏணி, நீங்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. தப்பு முழுக்க ஒரே எழுத்துல. ஆமா, இந்தக் கடைசிக் கே எங்கேர்ந்து வந்துச்சு? தாள்ல இல்லையே."

"முடிக்கும்போது போடுறது, மேடம். கை போட்டுடுச்சு."

"தாள்ல இல்லாததை நான் எப்படித் திருத்துறது?" என்று ரப்பரை எடுத்து ஐந்தாவது கீறலை அழித்தார். துகளை ஊதினார். "நாலு. பாஸ்."

பாஸ் என்று சொன்ன பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கே போட்டா பதில் வரணும்ல. அதுக்குத்தான் உக்காந்திருக்கீங்களா?" என்றவர், பென்சிலின் பின்பக்கத்தால் மேஜையில் தட்டினார். குறில், நெடில், குறில். 'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த இழுப்பை விரலால் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தேன். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் பிடிபட்டது. நீங்கள் போனில் பேசி முடித்து, "சொல்லுங்..க" என்பீர்களே, அதே நீளம், மாமா. அவள் உங்களிடமிருந்துதான் எடுத்திருக்கிறாள்.

ஆக, லைசென்ஸ் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார். கம்பம் உறுதியாக நிற்கிறது. நானும் ஏறத்தாழ அப்படித்தான். நீங்கள் வீணாக அலைய வேண்டாம். ஏணி வாடகைக்குத் தருகிறவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம், சாப்பிட்டேன் என்றும் சொல்லுங்கள். எப்போதும் போல உங்கள் இருவர் ஆசியும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், லைசென்ஸ்காரன் என்ற முறையில் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று மாடிக்குப் போனேன். இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று லிஃப்ட் கணக்குப்படி கொஞ்சம் தளர்வு. சரிசெய்யலாம் என்று முடிச்சை அவிழ்த்தேன். கம்பம் மெதுவாக, மிக மரியாதையாக, வீட்டுக்காரரின் துணிக்கொடி மேல் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. அவர் மேலே வந்து பனியனை மீட்டுக்கொண்டு, "லைசென்ஸ் இருக்கு, சரி. இப்ப கம்பம் எங்க?" என்று கேட்டார். அவிழ்த்தது நான்தான், ஆனால் அதைத் திரும்பக் கட்டத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத முடிச்சு, நீங்களும் அவளுமாகச் சேர்ந்து போட்டது. எனவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்க, மாமா. ஏணியோடேயே வாங்க. கீழே நின்று நான் பிடிச்சுக்கிறேன், எப்படிக் கட்டணும்னு நீங்க சொல்லுங்..க.