மூக்குக்குள் குடியிருப்பவர்கள்

காலையில் முதலில் எழுவது மாமியார். அடுத்து மனைவி. கடைசியாக அவன். மாமியார் வந்து தங்கியதிலிருந்து அம்மாவும் மகளும் படுக்கையறையில் படுத்தார்கள். அவன் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்துக்கொண்டான். எழுந்தவுடன் கை கழுவுவான். பாயைச் சுருட்டிவிட்டு மறுபடி கழுவுவான். தேநீர் குடிப்பான். மனைவி இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை மூடுவாள். பேருந்தில் அவளுக்கு இடம் கிடைக்கும், அவனுக்குக் கிடைக்காது. மருத்துவமனை வாசலில் இறங்கியதும் அவள் மாடியேறிப் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குப் போவாள். அவன் படியிறங்கி லேபுக்குப் போவான். போனதும் கை கழுவுவான்.

லேபில் அவனுக்குப் பெயர் ‘சோப்பு’. கழுவிக் கழுவிக் கைரேகையே அழிந்துவிட்டது, இனி இவன் திருடினால்கூடப் பிடிக்க முடியாது என்பார்கள். அவன் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

அவனுடைய முதல் வேலை மாடியில்தான். சின்னத் தட்டோடு வார்டுக்குப் போய், குழந்தைகளின் குதிகாலில் ஊசியால் தொட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வர வேண்டும். குத்துவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் மன்னிப்புக் கேட்பான். முகம் காட்டாமல் குத்துவது கோழைத்தனம் என்று அவனுக்கு ஓர் எண்ணம். அதனால் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் கேட்பான். மனைவி தூரத்தில் நின்று முறைப்பாள். அவன் ஏற்றிக்கொள்வான். அடுத்த தொட்டிலில் மறுபடி இறக்குவான்.

அந்த வார்டில் ‘முக்கால்’ என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. பிறக்கும்போது எடை முக்கால் கிலோ. மனைவிக்கு அது உயிர். சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டி அதை ஒரு கிலோவுக்குமேல் கொண்டு வந்திருந்தாள். “அவ அம்மா மடியில படுத்து வாசல் தாண்டுற அன்னைக்கு நான் கூட நிக்கணும். அது போதும் எனக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் குழந்தைகளின் தோலில் சீழ்க்கொப்புளங்கள் வந்தன. முதலில் ஒன்றுக்கு, பிறகு நாலைந்துக்கு. நல்லவேளை, எல்லாம் மேலோட்டம். ஆனால் வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டருக்குத் தூக்கம் போயிற்று.

லேபின் தலைவியான டாக்டரம்மா கொப்புளச் சீழைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார். தட்டு முழுக்கப் பொன்னிறப் பொட்டுகள். தோலில் சீழ் வைக்கிற ஸ்டாஃப் கிருமி. வழக்கமான மருந்து வில்லைகளை வைத்தால், கிருமி பயந்து விலகிச் சுற்றிலும் வட்டமாக இடம் விட வேண்டும். இது விலகவில்லை. வில்லையின் மேல் சாய்ந்து கால் நீட்டிப் படுத்திருந்தது. வேறொரு மருந்துக்குத்தான் பணிந்தது; அதை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள்.

டாக்டரம்மா எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். நல்ல ஆரோக்கியமான ஆட்கள் பலர் மூக்கிலேயே இது வாடகை தராமல் குடியிருக்கும், வைத்திருப்பவனுக்கு ஒரு தும்மல்கூட வராது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் இருந்த வகை எல்லா மருந்தையும் பார்த்துச் சலித்தது, ஆனால் சோம்பேறி. தெருவில் இருந்த வகை முரடன், ஆனால் மாத்திரைக்கு அடங்கும். இப்போது தெரு முரடனே மாத்திரைக்குப் பழகி, ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டி வந்துவிட்டான்.

“எப்படிப் பழகினான்? காய்ச்சல் வந்தா ரெண்டு மாத்திரை, விட்டதும் நிறுத்து, மிச்சத்தை டப்பாவுல போட்டு வை. பாதி அடி வாங்கித் தப்பிச்சவன்தானே பெரிய ரவுடி ஆவான்?” என்றார்.

அவன் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினான். வீட்டில் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவை, நிறைய அரைகுறை அட்டைகளோடு இருக்கும் அவனுடைய அவசர கால மாத்திரை டப்பாவை, அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

வார்டில் வேலை செய்யும் அத்தனை பேர் மூக்கையும் சோதிப்பது என்று முடிவாயிற்று. முகம் கழுவினால் கிருமி குறைந்து காட்டும். ஆகவே ஆளுக்கொரு பஞ்சுக் குச்சி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பப்படும். காலையில் எழுந்தவுடன் மூக்கில் ஒரு சுற்றுச் சுற்றிக் குழாயில் போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். பாசிட்டிவ் என்றால் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

மனைவிக்கு அந்த வாரம் முழங்கையில் ஒரு சின்னச் சீழ்க்கட்டி. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே குச்சியைக் கைப்பைக்குள் வைத்தாள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளைத் திறந்தவன் அவன்தான். மற்றவர்களுடையதில் ஒன்றுமில்லை. மனைவியின் தட்டில் தங்கச் சுரங்கம். மூடிவிட்டு, இன்னொரு முறை திறந்து பார்த்தான். அதற்குள் டாக்டரம்மா அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மதியமே அவளைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூக்கில் தடவக் களிம்பும் குளிக்க மருந்து சோப்பும் கொடுத்தார்கள்.

அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. அவனையே ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். அவன் துண்டை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். தலையணை உறையை உருவினாள். அவன் விரல்களை இழுத்து வைத்து நகம் வெட்டினாள். அலமாரியைத் திறந்து பிஸ்கட் டப்பாவை வெளியே எடுத்தாள்.

“இது எத்தனை வருஷமா இருக்கு?”

“ஆத்திர அவசரத்துக்கு வெச்சிருக்கேன். தொண்டை கரகரன்னா ஒண்ணு போட்டுப்பேன்.”

“ஒண்ணுதானா?”

“சில சமயம் ரெண்டு.”

அவள் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். கோபத்தை யார்மேலாவது காட்டத்தானே வேண்டும் என்று அவன் பொறுத்துக்கொண்டான். பிறகு அவள் களிம்பைக் கொண்டுவந்து அவன் மூக்கின் முன் நீட்டியபோதுதான் கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

“உனக்குத்தானே வந்திருக்கு. மருந்து எனக்கா?”

“ஒரே வீடு. ரெண்டு பேரும் போடணும். பேசாம போடுங்க.”

வாங்கிக்கொண்டு போய்க் கைக்குட்டையில் துடைத்துவிட்டான். நாளெல்லாம் சோப்பில் ஊறுகிற மனிதனுக்குக் களிம்பு எதற்கு என்பது அவன் கட்சி.

இன்னொன்றும் சொன்னாள். குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்க இனி அவன் மாடிக்குப் போக வேண்டாம், வேறு யாரையாவது அனுப்பச் சொல்ல வேண்டும். தன்னால் போக முடியாத இடத்துக்குக் கணவன் போவது அவளுக்கு வலிக்கிறது என்று அவன் புரிந்துகொண்டான். சரி என்று தலையாட்டிவிட்டுத் தினமும் போனான். போனால்தானே முக்காலைப் பற்றி அவளுக்குச் சேதி கொண்டுவர முடியும்? தொட்டிலருகே நின்று, முகமூடியை இறக்கி, “உங்க சின்ன சிஸ்டர் கேட்டதாச் சொன்னாங்க” என்று அதனிடம் சொல்லிவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து, பெரிய சிஸ்டர் சொன்னதாக எடையைச் சொல்வான். அவள் முகம் மலரும்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குக் கொப்புளம்.

அவள்தான் வார்டிலேயே இல்லையே என்று அவன் டாக்டரம்மாவிடம் வாதாடினான். டாக்டரம்மா யோசித்தார். யோசித்தது தப்பாய்ப் போயிற்று. குழந்தைகளைச் சுற்றுகிற துணியெல்லாம் எங்கிருந்து வருகிறது? கிடங்கிலிருந்து. கிடங்கில் துணி மடிப்பது யார்? அவள். உடனே அவளைப் பழைய காகிதங்கள் அடுக்கிய அறைக்கு மாற்றினார்கள். இன்னொரு சோதனை. அதிலும் வந்து, மூன்றாவதிலும் வந்தால், ஊர்க்கோடியில் இருக்கிற முதியோர் பிரிவுக்கு நிரந்தர மாற்றம்.

அன்று மாலை பேருந்தில் அவள் அவனுக்கு இடம் விட்டுவிட்டு நின்றுகொண்டு வந்தாள். வாடிய கீரைத்தண்டு மாதிரி இருந்தாள்.

மறுநாள் அவள் இரண்டாவது குச்சியை அவன் கையிலேயே கொடுத்தாள். “இது சுத்தமா இருக்கும் பாருங்க” என்று நம்பிக்கையோடு சொன்னாள். அந்த நம்பிக்கைதான் அவனை உடைத்தது. ஒரு வாரக் களிம்பில் அந்தத் தங்கச் சுரங்கம் காலியாகுமா? லேப் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவள் குச்சியைக் கழிவுத் தொட்டியில் போட்டான். புதுக் குச்சி ஒன்றைத் தன் மூக்கில் நன்றாக இரண்டு சுற்றுச் சுற்றி, அவள் பெயர் ஒட்டிய குழாயில் போட்டு மூடினான். இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியே வந்து கை கழுவினான்.

தட்டு திறக்கும் நாள் வந்தது. தங்கம். முன்னைவிடக் கொழுகொழுவென்று.

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லேப்காரர்கள் மூக்கைச் சோதிக்க வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை, அவனுக்கும்தான். மெல்ல விஷயம் புரிந்தது. அவளிடமிருந்து அவனுக்கும் தொற்றியிருக்கிறது. வருத்தத்தைத் தாண்டி அவனுக்கு ஒரு மாதிரி பாசம் பொங்கியது. சேர்ந்து வாழ்வது என்றால் இதுவும்தானே. அந்த நிமிடமே மாடிக்குப் போவதை நிறுத்தினான். களிம்பைத் தானே கேட்டு வாங்கி நிஜமாகவே போட்டுக்கொண்டான். மனைவி அவனைக் கட்டிக்கொண்டாள். காரணம் புரியாவிட்டாலும் நன்றாக இருந்தது.

அவன் நிறுத்தியதிலிருந்து வார்டில் ஒரு குழந்தைக்கும் புதிதாகக் கொப்புளம் வரவில்லை. அதுவே அவளுக்கு எமனாக வந்தது. “பார்த்தியா, அவளைத் துணிகிட்டேருந்தும் தூக்கினதும் நின்னுடுச்சு” என்றார் டாக்டரம்மா. “எனக்கும் மனசு கேட்கல. நல்ல பொண்ணு. ஆனா மூணாவதும் வந்துட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

முக்கால் இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

மூன்றாவது குச்சிக்குச் சொந்த மூக்கை நம்ப முடியாது. மனைவியின் மூக்கையும் நம்ப முடியாது. மூன்றாவதாக ஒரு நல்ல மூக்கு வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கமே வராத, எந்தக் காய்ச்சலுக்கும் மாத்திரை விழுங்காத ஒரு மூக்கு. யோசித்தபோது வீட்டிலேயே ஒன்று இருந்தது.

காலையில் மனைவி குளிக்கப் போன நேரம். மாமியார் கூடத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். லேபிலிருந்து கொண்டுவந்த குச்சியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“அத்தை, கொஞ்சம் மேல பாருங்க.”

“எதுக்கு மாப்பிள்ளை? பல்லியா?”

“இல்ல. மூக்குல இந்தப் பஞ்சை ஒரு சுத்துச் சுத்தி எடுத்துக்கறேன்.”

“என் மூக்குல என்ன கோளாறு?”

“ஒரு கோளாறும் இல்ல. அதனாலதான் கேக்கறேன்.”

மாமியார் தம்ளரைக் கீழே வைத்தார். குச்சியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், குளியலறைக் கதவைப் பார்த்தார். பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வந்தவனுக்கு அந்தப் பார்வையில் நாக்கு புரளவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இரண்டாவது குச்சி தன்னுடையது என்று சொன்னான். அவளைக் காப்பாற்றப் போய் அவள் தலையில் தானே கல்லைப் போட்டதைச் சொன்னான். அந்தக் குழந்தை வாசல் தாண்டும்போது அவள் பக்கத்தில் நிற்காவிட்டால் வாழ்நாள் முழுக்க அவள் முகத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்று சொன்னான்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தான். தோள்கள் குலுங்கிய விதம் அப்படி இல்லை.

“வலிக்கவே வலிக்காது அத்தை. உள்ள விட்டதே தெரியாது.”

“அது எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? அவ கட்டிக்குப் பயந்துகிட்டு முதல் குச்சிய உங்க மூக்குல விட்டுச் சுத்தினப்போ, நீங்க கொறட்டையக்கூட நிறுத்தலையே.”